கேள்வி, சோதனை, விவாதம்: வகுப்பறையில் வரிசை தப்பாமல் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

தர்மபுரி மாவட்டத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்கு வரும் பி.எட். மாணவர்களும் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களும் என் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அடுத்த வாரம் தாங்களே நடத்துவார்கள். பெரும்பாலானோர் இடறுவது ஒரே இடத்தில்தான். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு உடனே "எல்லாரும் பேசுங்க" என்பார்கள். பேசுவதற்குப் பிள்ளைகளிடம் எதுவும் இருக்காது. நன்றாகப் படிக்கும் இருவர் புத்தகத்தில் உள்ளதைச் சொல்வார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், மணி அடித்துவிடும்.

ஊகம், ஆதாரம், பேச்சு, கடைசியில் ஆசிரியரின் விளக்கம். இந்த நான்கும் இதே வரிசையில் வந்தால்தான் வகுப்பு நடக்கும். ஒன்றை முன்னே பின்னே மாற்றினாலும் மற்ற மூன்றும் வீண். இங்கே இரண்டு பாடங்களை வைத்து விளக்குகிறேன்: மண்பானைத் தண்ணீர், நம் ஊர்க் குடிநீரில் உள்ள ஃபுளோரைடு.

1. கேள்வி எந்த வகை என்று முதலில் பிரியுங்கள்

அளந்து பார்த்து விடை காணக்கூடிய கேள்விகள் உண்டு. "மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது?" அந்த வகை. இதற்கு வேண்டியது சோதனை. கை தூக்கி ஓட்டெடுத்து முடிவு செய்ய முடியாது.

உண்மைகள் எல்லாம் தெரிந்த பிறகும் என்ன செய்வது என்று யோசித்து முடிவெடுக்க வேண்டிய கேள்விகள் இன்னொரு வகை. "குழாயில் தண்ணீர் வராத நாளில் பள்ளிக்கு எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவது?" இதற்கு வேண்டியது விவாதம்.

இந்தப் பிரிவைச் செய்யாமல் உள்ளே போனால், அளக்க வேண்டியதைப் பிள்ளைகள் வாதாடிக்கொண்டிருப்பார்கள். அல்லது யோசிக்க வேண்டியதற்கு நீங்கள் ஒரே விடையைக் கரும்பலகையில் எழுதிவிடுவீர்கள். பாடக்குறிப்பில் கேள்விக்குப் பக்கத்தில் "சோதனை" அல்லது "விவாதம்" என்று ஒரு சொல் எழுதி வையுங்கள். எந்தப் பொருளைத் தேடுவது, எத்தனை பீரியட் கேட்பது என்பதெல்லாம் அந்தச் சொல்லைப் பொறுத்தது.

2. ஒரு வாரத்துக்கு முன் தயாராக வேண்டியவை

பானைப் பாடத்துக்கு வேண்டியவை: ஒரே அளவில் இரண்டு மண்பானைகள், கிட்டத்தட்ட அதே கொள்ளளவில் ஒரு எவர்சில்வர் குடம், மூன்றுக்கும் ஒரே மாதிரி மூடித் தட்டுகள், ஆய்வக வெப்பமானி, அளவு ஜாடி, ஒரு சிறிய டப்பா எனாமல் பெயிண்ட்.

ஒரு பானைக்கு மட்டும் வெளிப்புறம் முழுக்க, அடிப்பாகமும் கழுத்தும் உட்பட, இரண்டு கோட் பெயிண்ட் அடியுங்கள். பானை நன்றாகக் காய்ந்திருக்கும்போது அடிக்க வேண்டும். ஈரத்தில் அடித்தால் இரண்டே நாளில் உரிந்துவிடும். பெயிண்ட் காய மூன்று நாள் விடுங்கள். அந்தப் பானைத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சோதனைக்கு முதல் நாள் மாலையே இரண்டு பானைகளிலும் தண்ணீர் நிரப்பி ஊற விடுங்கள். புதுப்பானை தானே தண்ணீரைக் குடிக்கும். ஊறாமல் பயன்படுத்தினால், குறைந்த தண்ணீர் ஆவியாய்ப் போனதா, பானைக்குள் இறங்கியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வெப்பமானி விஷயத்தில் கவனம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொண்டுவந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதன் அளவு 35 டிகிரியில்தான் தொடங்கும். பானைத் தண்ணீர் அதற்கும் கீழே இருக்கும், எதுவும் காட்டாது. 0 முதல் 100 வரை உள்ள ஆய்வக வெப்பமானிதான் வேண்டும். பாதரசம் உள்ளதைத் தவிர்த்து, சிவப்பு ஆல்கஹால் உள்ளதை எடுங்கள். உடைந்தாலும் பயமில்லை.

எல்லாவற்றையும் நீங்கள் ஒருமுறை செய்து பாருங்கள். வகுப்பில் என்ன நடக்கக்கூடும் என்று தெரிந்தவரால்தான் அங்கே வாயை மூடிக்கொண்டு நிற்க முடியும். தெரியாதவர் பதற்றத்தில் விடையைச் சொல்லிவிடுவார்.

காலையில் முதல் பீரியடும் மதியம் ஒரு பீரியடும் வேண்டும். சக ஆசிரியரிடம் முன்பே பேசி மாற்றிக்கொள்ளுங்கள். பானைகளை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். காற்றோட்டமான வராந்தா நிழல்தான் சரியான இடம்.

3. கேள்விக்குள் விடை இருக்கக் கூடாது

"ஆவியாதலால் மண்பானை நீர் குளிர்வதை ஆராய்வோம்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் ஆராய ஒன்றும் மிச்சமில்லை. நான் எழுதுவது இது: "மூன்றிலும் ஒரே வாளித் தண்ணீர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எதில் அதிகக் குளிர்ச்சி இருக்கும்? ஏன்?"

கேள்வி பிள்ளைகள் வீட்டில் பேசும் சொற்களில் இருக்கட்டும். "வெப்பநிலை", "ஆவியாதல்" போன்ற பாடச்சொற்கள் கடைசியில் வரும். சொல் முன்னால் வந்துவிட்டால் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு எதைக் கேட்டாலும் "ஆவியாதல் டீச்சர்" என்ற பதில்தான் வரும்.

4. ஊகத்தை எழுதிய பிறகே அடுத்த அடி

ஒவ்வொருவரும் நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும்: எது குளிரும், ஏன் அப்படி நினைக்கிறேன். மூன்று நிமிடம், பேச்சு கிடையாது.

எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாயால் கேட்டால் முதலில் கத்தியவனின் ஊகம் வகுப்பின் ஊகமாகிவிடும். எழுதியவன் தன் ஊகத்துக்குப் பொறுப்பேற்கிறான். மதியம் அது தப்பிப்போனால் ஏன் என்று அவனே தேடுவான்.

பிறகு நாலைந்து பேரைப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் "சரி", "தப்பு", "வெரி குட்" எதுவும் சொல்லாதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தே விடையைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். எல்லா ஊகத்தையும் அவர்கள் சொன்ன சொல்லிலேயே கரும்பலகையின் ஓரத்தில் எழுதுங்கள், மாலை வரை அழிக்க வேண்டாம்.

கேள்வி கேட்ட பிறகு காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி மௌனம் புது ஆசிரியருக்கு மூன்று நிமிடம்போல் இருக்கும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பழகுங்கள்.

5. சோதனை: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

பெயிண்ட் பானை எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். மண்பானையையும் எவர்சில்வர் குடத்தையும் மட்டும் வைத்தால் "மண் குளிர்ச்சியான பொருள்" என்றே பிள்ளைகள் முடிவு கட்டுவார்கள். அந்த ஊகத்தை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. பெயிண்ட் அடித்ததும் மண்பானைதான். மாறியது ஒன்றே ஒன்று, அதன் துளைகள் அடைபட்டிருக்கின்றன. இந்தப் பானையை விட்டால் சோதனைக்கு உயிர் இல்லை.

ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒரே வாளியிலிருந்து மூன்றிலும் 3 லிட்டர் அளந்து ஊற்றுங்கள். ஊற்றியவுடன் ஒருமுறை, இடைவேளையில் ஒருமுறை, சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். தொடக்க அளவை மறந்தால் பிறகு எதனோடும் ஒப்பிட முடியாது.

அளப்பது பிள்ளைகளின் வேலை. இருவர் பார்க்க, ஒருவர் எழுதட்டும். வெப்பமானியை வெளியே எடுத்துப் படிப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. எடுத்த நொடியிலிருந்து அளவு மாறத் தொடங்கும். குமிழ் தண்ணீருக்குள் இருக்கும்போதே, கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். குமிழ் பானையின் அடியைத் தொடக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் மிஞ்சிய தண்ணீரையும் ஜாடியால் அளந்து குறிக்கச் சொல்லுங்கள்.

முதல் தடவை இதை நான் நவம்பர் அடைமழையில் செய்தேன். மூன்று பாத்திரமும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டின. நோட்டுகளை வாங்கிப் பார்த்தால் பாதிப் பேர் மண்பானைக்கு எதிரே 4 டிகிரி, 5 டிகிரி குறைத்து எழுதியிருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தான் பார்த்த எண்ணைத்தான் எழுதியிருந்தாள். பக்கத்து நோட்டைப் பார்த்துவிட்டு அதை ரப்பரால் தேய்த்து அழித்திருந்தாள். பென்சில் தடம் மட்டும் தாளில் தெரிந்தது. புத்தகம் சொல்வதைக் கண்ணை விட நம்ப வேண்டும் என்று அவளுக்கு நாங்கள்தான் கற்றுக் கொடுத்திருக்கிறோம். என்னால் அன்று தாங்க முடியவில்லை.

அழித்ததைத் திரும்ப எழுதச் சொன்னேன். கரும்பலகையில் அவள் எண்ணைப் போட்டேன். "இன்னிக்கு ஏன் குளிரல?" என்று கேள்வியை மாற்றினேன். மழை நாளில் துணி காயாதது பத்து நிமிடத்தில் பேச்சுக்கு வந்துவிட்டது. சோதனை "தோற்றால்" மூட்டை கட்டாதீர்கள். வந்த எண் வந்த எண்தான், அதற்கான காரணத்தைத் தேடுங்கள். இருந்தாலும் முதல் முறை செய்பவர்கள் மார்ச், ஏப்ரல் மாதத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

6. பேச்சு: இருவர், நால்வர், வகுப்பு

மதிய பீரியடில் நேராக மொத்த வகுப்பையும் பேசச் சொல்லாதீர்கள். 38 பேர் முன்னால் முதல் வாக்கியத்தைச் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் துணிவு வராது. பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை நாலு பேரிடம் சொல்வது எளிது, அப்புறம் வகுப்பில் சொல்வது இன்னும் எளிது.

இருவராக மூன்று நிமிடம். பிறகு முன் பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பி உட்கார்ந்தால் நால்வர் ஆகிவிடும். பெஞ்சை நகர்த்தினால் ஐந்து நிமிடம் போய்விடும். நால்வரும் கூடி ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: "நாங்கள் நினைப்பது இது, இந்த எண்ணைப் பார்த்து." பின் பாதி இல்லாத வரியை வாங்காதீர்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வகுப்பில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் நிறைய. இருவர் பேச்சை அவர்கள் வீட்டு மொழியில் பேச விடுங்கள். யோசனை பிறக்கும் இடத்தில் மொழிக்குத் தடை போட்டால் யோசனையே நின்றுவிடும். வகுப்புக்குச் சொல்லும்போது தமிழில் சொல்லட்டும், சொல் தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுக்கட்டும்.

ஒரே ஆள் பேசிக்கொண்டிருப்பதைத் தடுக்கப் புளியங்கொட்டையைப் பயன்படுத்துகிறேன். நம் பக்கம் அதற்குப் பஞ்சமா? ஆளுக்கு மூன்று கொட்டை. வகுப்பில் ஒருமுறை பேசினால் ஒன்றை நடுவில் உள்ள தட்டில் போட வேண்டும். மூன்றும் தீர்ந்தவர் மற்றவர்கள் ஒன்றாவது போடும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். "பேசு பேசு" என்று யாரையும் நான் நெருக்குவதில்லை. கையில் இருக்கும் கொட்டையே நெருக்கும்.

மறுத்துப் பேசும் வாக்கியங்களையும் கற்றுத்தர வேண்டும். "போடா, தப்பு" என்பது மட்டுமே தெரிந்தால் விவாதம் சண்டையில் முடியும். சுவரில் இந்த மூன்றையும் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "நீ சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம்", "அதை எதை வச்சுச் சொல்ற?", "நான் நினைச்சத மாத்திக்கிறேன், ஏன்னா...". மூன்றாவது வாக்கியத்தை யாராவது சொன்னால் அவரை நான் எல்லார் முன்னும் பாராட்டுவேன்.

நீங்கள் பின்வரிசைக்குப் போய் உட்காருங்கள். முன்னால் நின்றால் எல்லாப் பேச்சும் உங்களை நோக்கியே வரும். பின்னால் போனால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள். அப்படி ஒரு மதியம்தான் ஒரு பையன் சொன்னான்: "பெயிண்ட் அடிச்ச பானை வேர்க்கவே இல்ல." அடுத்த பெஞ்சிலிருந்து: "அப்ப வேர்வதுதான் காரணம். எங்க ஆயா பானைமேல ஈரத்துணி சுத்தும்." மூன்றாவது பிள்ளை அளவு ஜாடிக் கணக்கைக் காட்டினாள். பெயிண்ட் அடிக்காத பானையில்தான் தண்ணீர் அதிகம் குறைந்திருந்தது. நான் வாயைத் திறக்கவே இல்லை.

7. உங்கள் விளக்கம்: கடைசிப் பத்து நிமிடம்

விளக்கவே கூடாது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. பிள்ளைகள் கண்டதற்குப் பெயர் சொல்வதும், விடுபட்டதை நிரப்புவதும், தவறாக ஒட்டிக்கொண்டதைப் பிரித்தெடுப்பதும் நம் கடமை. விளக்காமல் மணி அடித்தால், கடைசியாகப் பேசியவன் சொன்னதே விடை என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இப்போது "ஆவியாதல்" என்ற சொல்லை எழுதுங்கள். துளைகள் வழியே கசியும் தண்ணீர் ஆவியாகும்போது பானைத் தண்ணீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது என்று சொல்லுங்கள். எட்டாம் வகுப்பானால் ஒரு கணக்கும் போடலாம். சாதாரண வெப்பநிலையில் 1 கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். 3 லிட்டரில் 30 கிராம் ஆவியானால் 17,400 கலோரி. அதை 3,000 கிராம் தண்ணீர் இழந்தால் கிட்டத்தட்ட 6 டிகிரி குறையும்.

ஜாடியால் அளந்தால் 30 மில்லியை விட அதிகமாகவே குறைந்திருக்கும், ஆனால் வெப்பநிலை அந்தக் கணக்குக்கு இறங்கியிருக்காது. ஏன்? சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பம் பானைக்குள் வந்துகொண்டே இருக்கிறது. இதை நீங்கள் சொல்ல வேண்டாம், கேள்வியாகவே விட்டுவிடுங்கள். அடுத்த நாள் ஒருவராவது பதிலோடு வருவார்.

8. விவாத வகுப்பு: நம் ஊர்த் தண்ணீர்

சோதனை வகுப்பு இரண்டு மூன்று முறை நடத்திக் கைவந்த பிறகு விவாத வகுப்புக்குப் போங்கள். ஆதாரத்தைக் காட்டிப் பேசும் பழக்கம் சோதனை வகுப்பில்தான் வருகிறது. பழகாத வகுப்பில் விவாதம் வைத்தால் வீட்டில் கேட்டதையே ஒப்பிப்பார்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து அது தண்ணீரில் கரைகிறது. இதற்காகவே காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆகவே கேள்வி: "ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் பள்ளியில் குடிக்கவும் சத்துணவு சமைக்கவும் எந்தத் தண்ணீர்?"

இங்கே ஆதாரம் என்பது சீட்டுகள். ஒவ்வொரு குழுவுக்கும் இவற்றை எழுதிக் கொடுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாதபோது 1.5 வரை. அதற்குத் தனி நிறமோ மணமோ கிடையாது, தெளிந்த தண்ணீரிலும் இருக்கும். கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடும். நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகும் சிறு வயதில் அதிகம் உட்கொண்டால்தான் பல்லில் கறை விழுகிறது, பல் துலக்கினால் அது போவதில்லை.

இரண்டு ஆதாரங்களைப் பிள்ளைகளே கொண்டுவர வேண்டும். ஒன்று, இந்த மாதம் தெருக்குழாயில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது என்று வீடு வீடாகக் கேட்ட கணக்கு. இன்னொன்று, பள்ளி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனை முடிவு. ஊராட்சியிலோ குடிநீர் வடிகால் வாரியத்திலோ முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். முடிவு கைக்கு வந்த பிறகு வகுப்புக்கு நாள் குறியுங்கள். எண் இல்லாமல் தொடங்கினால் "நம்ம தண்ணி நல்ல தண்ணிதான்", "இல்ல, விஷம்" என்ற இரண்டு கூச்சலோடு முடிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. வகுப்பில் பல் கறை உள்ள பிள்ளைகள் இருப்பார்கள். எந்தப் பிள்ளையின் பல்லும் ஆதாரம் கிடையாது. பயிற்சிக்கு வந்த ஒருவர் நல்லெண்ணத்தில்தான் ஒரு பையனை எழுப்பி, "சிரிச்சுக் காட்டு" என்றார். அன்றிலிருந்து ஒரு மாதம் அவன் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசினான். அவனைத் தனியே கூப்பிட்டு நான் மன்னிப்புக் கேட்டேன். படம் வேண்டுமானால் முகம் தெரியாத படத்தைக் காட்டுங்கள். பாடம் தொடங்கும் முன்னரே சொல்லுங்கள்: இது யாருடைய தவறும் இல்லை, பல் துலக்காததால் வந்ததும் இல்லை.

பேச்சு முறை ஆறாம் பகுதியில் சொன்னதேதான். முடிவு மட்டும் வேறு வடிவில் வரும். ஒவ்வொரு குழுவும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஐந்து வரிக் கடிதம் எழுத வேண்டும்: என்ன செய்யலாம், ஏன், அதில் என்ன சிரமம். சிரமத்தையும் எழுதச் சொன்னால்தான் எதிர்த் தரப்பு சொன்னதைக் காதில் வாங்குவார்கள். ஒரு குழு மழைநீர்த் தொட்டி கேட்கும், இன்னொன்று தண்ணீர் வரும் நாளில் சேமிக்கச் சொல்லும், மற்றொன்று ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லும். கடிதங்களை உண்மையாகவே மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கொடுத்துவிடுங்கள். மேசை இழுப்பறையில் வைத்துவிட்டால் அடுத்த விவாதத்துக்குப் பிள்ளைகள் மனதோடு வரமாட்டார்கள்.

9. மதிப்பெண்ணும் பாடத்திட்டமும்

வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பாடம் நடக்கும்போதே வகுப்பில் போடும் மதிப்பெண்ணுக்கு, இந்த வகுப்புகளைக் கணக்கில் கொள்ளலாம். எத்தனை முறை பேசினார் என்று எண்ணாதீர்கள், கூச்சமுள்ள பிள்ளைக்கு அது அநியாயம். காலை ஊகத்தையும் மாலை எழுதிய வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணைச் சொல்லிக் காரணம் எழுதியிருந்தால் மதிப்பெண். ஊகம் தப்பாய்ப் போனதற்கு ஒரு மதிப்பெண்கூடக் குறைக்கக் கூடாது. ஒருமுறை குறைத்தால், மறுமுறை எல்லாரும் வழிகாட்டி நூலைப் பார்த்து ஊகம் எழுதுவார்கள்.

எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த நேரம் இருக்காது, தேவையும் இல்லை. தனிமங்களின் குறியீடுகளை நேராகச் சொல்லிக் கொடுத்துவிடலாம். தொடங்குபவர்கள் மாதம் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் கேழ்வரகு முளைப்பது நல்ல தொடக்கம். ஈரத்துணியில் ஒரு கிண்ணம், தண்ணீரில் மூழ்க ஒரு கிண்ணம், காய்ந்த துணியில் ஒரு கிண்ணம், ஒவ்வொன்றிலும் எண்ணி 20 விதை. இரண்டு மூன்று நாளில் எண்ணிப் பார்க்கலாம், செலவும் இல்லை. விதையை மட்டும் வீட்டிலிருந்து பிள்ளைகளையே கொண்டுவரச் சொல்லுங்கள், பழைய விதையும் புது விதையும் கலந்து வரும். எந்த விதை யார் வீட்டுடையது என்று கிண்ணத்தில் எழுதி வைத்துவிட்டால், அடுத்த மாதக் கேள்வி அதிலிருந்தே கிடைத்துவிடும்.